உடன் வருபவர்

கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசிப் பார்க்கட்டும் என்று இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பி வைத்தார்கள். கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்த பெண்ணிடம், மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று அவளுடைய அம்மா ஆவலாகக் கேட்டாள்.

"தண்ணி டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்தச் சொன்னார்" என்றாள் பெண்.

வேறொன்றும் சொல்லவில்லையா என்றதற்கு, இல்லை, ஆனால் தான் சொன்னதையெல்லாம் கேட்டார் என்றாள். மேலே படிக்க வேண்டும், அதுவும் வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று அந்தக் கால் மணி நேரமும் அவள் மூச்சு விடாமல் சொல்லியிருந்தாள். அவன் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவளுக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. உணவு நுண்ணுயிரியலில் முதுகலை. அவன் அப்போது ஒன்பது வருஷ அனுபவமுள்ள லிஃப்ட் மெக்கானிக். பதினாலு கட்டடங்கள் அவன் பொறுப்பில் இருந்தன. எந்த லிஃப்ட் எந்த மாடியில் உதறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதையெல்லாம் விட்டுவிட்டு அவளோடு கிளம்பினான். விண்ணப்பப் படிவத்தில் அவள் பெயருக்கு எதிரே முதன்மை விண்ணப்பதாரர் என்றும் அவன் பெயருக்கு எதிரே உடன் வருபவர் என்றும் இருந்தது. அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஒருவர் போனால் ஒருவர் கூடப் போகத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன இடத்தில் அவனுடைய டிப்ளமோவை யாரும் சீந்தவில்லை. லிஃப்டில் கை வைக்க அங்கே தனி உரிமம் வேண்டும். அதற்கு நாலு வருஷப் பயிற்சி, அந்தப் பயிற்சியில் சேர நிரந்தர வசிப்புரிமை. அதனால் ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் சேர்ந்தான். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை ஒரு நீளமான இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு மூலையை அவன் பிடிப்பான், மறு மூலையை இன்னொருத்தி பிடிப்பாள். உருளைகளுக்குள் நுழைத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, தேய்த்து, மடித்து வரும். இயந்திரம் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. உலகத்தில் இவ்வளவு பொருத்தமான வேலை தனக்குக் கிடைக்காது என்று அவன் நினைத்தான். மேற்பார்வையாளர் எது சொன்னாலும் "ஓகே" என்பான். இரண்டே மாதத்தில் அங்கே அவனுக்கு மிஸ்டர் ஓகே என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் படிப்பை முடித்ததும் ஒரு பால் நிறுவனத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வந்து சேரும் ஒவ்வொரு டாங்கரிலிருந்தும் மாதிரி எடுத்து, தட்டில் ஊற்றி, இளஞ்சூட்டில் வைத்து, மறுநாள் அதில் எத்தனை கிருமிக் கூட்டம் முளைத்திருக்கிறது என்று எண்ணுவாள். படித்து முடித்தவர்கள் மூன்று வருஷம் தங்கி வேலை பார்க்கலாம். அதற்குள் பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமையை வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இருபத்திரண்டு மாதம் ஓடிப்போயிருந்தது.

பி.ஆருக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு என்று கூட்டி ஒரு எண் வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களை அழைக்கும். கோடு ஏறக்குறைய நானூற்று எழுபதில் நின்றது. அவளுடைய எண் நானூற்று ஐம்பத்தெட்டு. அரசாங்கத்தின் இணையதளத்தில் எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு பக்கம் இருந்தது. சிலர் காலண்டரில் ராசிபலன் பார்ப்பதுபோல அவள் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள்.

ஒரு நாள் அவளுக்கு விடுமுறை. அவன் வேலை முடிந்து காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சமையலறை மேஜைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. பையை வைக்க இடம் வேண்டுமே என்று அதை நகர்த்தினான். திரையில் அதே பக்கம். ஆனால் எண் நானூற்று எண்பத்தொன்று என்று பச்சையில் இருந்தது. தப்பாகப் பார்க்கிறோமோ என்று குனிந்து பார்த்தான். வாழ்க்கைத்துணை உங்களுடன் வருகிறாரா என்ற கேள்விக்கு எதிரே, இல்லை என்று குறித்திருந்தது.

அதை ஆம் என்று மாற்றினான். நானூற்று ஐம்பத்தெட்டு, சிவப்பில். மறுபடியும் இல்லை என்று வைத்தான். பச்சையில் எண்பத்தொன்று வந்தது. தனியாக வந்தால் துணைக்கு ஒதுக்கிய புள்ளியும் விண்ணப்பதாரருக்கே சேரும் போலிருந்தது. எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு, மடிக்கணினியைப் பழைய இடத்துக்கே தள்ளிவைத்து, காய்கறிப் பையைத் தரையில் வைத்தான். அவள் தலையில் துண்டோடு வந்து சாப்பிட்டீங்களா என்றாள். ம் என்றான். உண்மையில் சாப்பிட்டிருக்கவில்லை.

மூன்று நாள் அந்த இருபத்து மூன்று புள்ளி வித்தியாசம் அவன் தலைக்குள் சுற்றியது. விரிப்பின் மூலையைப் பிடிக்கும்போதும் அதே நினைப்பு. லிஃப்டில் அளவுக்கு மேல் ஆள் ஏறினால் மணி அடிக்கும். உடனே எல்லோரும் கடைசியாக ஏறியவனைப் பார்ப்பார்கள். அவன் இறங்கினால் கதவு சாத்திக்கொள்ளும், லிஃப்ட் கிளம்பிவிடும். தான் ஊருக்குத் திரும்பிவிட்டால் அவளுக்கு இந்த மாதமே அழைப்பு வந்துவிடும். பிறகு ஒன்றிரண்டு வருஷத்தில் அவள் தன்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கூப்பிடாமலும் இருக்கலாம். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவனுக்கு வலித்தது.

மூன்றாம் நாள், வேலை முடிந்ததும் ஊரிலிருக்கும் பழைய மேனேஜருக்குப் போன் போட்டான். சும்மாதான் கூப்பிட்டேன் என்று ஆரம்பித்து, ஒருவேளை வந்தால் இடம் இருக்குமா என்று கேட்டான். எப்ப வேணா வா, உன் ஏரியாவை இன்னும் ஒருத்தனும் ஒழுங்காப் பார்க்கலை என்றார் அவர். அன்றைக்கு அவன் பஸ் ஏறவில்லை. இரண்டு நிறுத்தம் நடந்தே வந்தான். காலில் சலவைக்கூடத்தின் களைப்பே தெரியவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான், இந்த அரை மணி நேரமும் தான் சந்தோஷமாக இருந்தது உறைத்தது. திருடிவிட்டு வந்தவன்போல உள்ளே போனான்.

அன்று சாயங்காலம் அவள்தான் பேச்சை எடுத்தாள். பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு மூத்தவளான ஒரு அக்கா சொன்னாளாம், துணைவரும் ஆங்கிலத் தேர்வு எழுதினால் பதினெட்டுப் புள்ளி ஏறும் என்று. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. நாலிலும் ஏழு வாங்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் ஒன்றும் கிடையாது. பேசுவதில்தான் சங்கடம். ஒரு தலைப்பைக் கொடுத்து, இரண்டு நிமிஷம் நிறுத்தாமல் பேசு என்பார்கள்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாங்க" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஊருக்குப் போய்விடுகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் அதைச் சொன்னால் ஏன், எப்போது, எதற்கு என்று அடுக்கடுக்காகப் பேச வேண்டிவரும். ஓகே என்றான். இதை எழுத்தில் படித்தால் தியாகம் மாதிரி தெரியும். நிஜத்தில் அது பாதி சோம்பல்.

தினமும் மாலை ஆறு மணிக்குப் பயிற்சி என்று அவள் முடிவு செய்தாள். நூறு தலைப்புகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டம்ளரில் போட்டுவைத்தாள். அவன் ஒரு சீட்டை எடுத்து, ஒரு நிமிஷம் யோசித்து, இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அவள் எதிரே உட்கார்ந்து தப்புகளை நோட்டில் குறித்துக்கொள்வாள். தமிழிலேயே இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போலப் பேசியறியாதவன் அவன். முதல் நாள் தலைப்பு, உங்களுக்குப் பிடித்த பருவகாலம். மழை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். ஏன் பிடிக்கும் என்று அவள் தூண்டினாள். பிடிக்கும் என்றான். பதினோரு விநாடி.

இரண்டாவது வாரத்தில் அவனுக்கு ஒரு வழி அகப்பட்டது. பசுவைப் பற்றி மட்டும் படித்துவிட்டுப் போன பையன், பரீட்சையில் தென்னை மரத்தைப் பற்றி எழுதச் சொன்னதும், தென்னை மரத்தில் பசுவைக் கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். அவனும் எந்தத் தலைப்பையும் லிஃப்டில் கொண்டுவந்து கட்டினான். கடற்கரைக்குப் போனால் கடற்கரையோரக் கட்டடத்தின் உப்புக் காற்றில் இரும்புக் கயிறு எப்படித் துருப்பிடிக்கும் என்று பேசினான். நண்பர் என்றால் லிஃப்டில் மாட்டிக்கொண்ட நண்பர். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, தேர்வில் இப்படி உளறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள். ஆனாலும் நிமிஷம் ஒன்றே காலுக்கு ஏறியிருந்தது.

இடையில் மாமியார் போனில் வந்தாள். மாப்பிள்ளை இங்கிலீஷில் பேசிப் பழகுகிறார் என்று மகள் சொன்னதும், அப்படியே தமிழும் கொஞ்சம் சொல்லிக்கொடு என்றாள்.

ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை, டம்ளரிலிருந்து அவன் எடுத்த சீட்டில், நீங்கள் எடுக்கத் தயங்கிய ஒரு முடிவு என்று இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தான். பொய்யாக ஏதாவது கட்டலாம் என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததுதான் தைரியம் கொடுத்ததோ என்னவோ. தமிழில் அந்த வார்த்தைகளை அவனால் வெளியே கொண்டுவந்திருக்க முடியாது. இரவல் சட்டை போட்டுக்கொண்டால் கூச்சம் குறைவதுபோல, அந்த மொழியில் அவன் வேறு ஒரு ஆள்.

ஒரு நாள் நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன் என்று ஆரம்பித்தான். மேஜைமேல் ஒரு எண் இருந்தது. அந்த எண் நன்றாக இருந்தது. ஏன் நன்றாக இருக்கிறது என்று பார்த்தேன். அதில் நான் இல்லை. அவள் முதலில் தலை குனிந்து இறந்தகாலத் தப்பைக் குறித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனா நின்றது. அவன் நிறுத்தவில்லை. ஆம் என்று மாற்றியது, மறுபடி இல்லை என்று வைத்தது, மூன்று நாள் யோசித்தது, ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தது, அதைச் சொல்ல முடியாமல் ஓகே சொன்னது என்று தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு நிமிஷம் முடிந்ததென்று கைப்பேசியில் மணி அடித்தது. அவள் எட்டி அதை அணைத்தாள்.

அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே" என்றாள் தமிழில்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"சும்மா போட்டுப் பார்த்தேன்னு சொல்லியிருப்பேன்."

"அது உண்மையா?"

அவள் நோட்டை மூடினாள். "முழுசா இல்ல" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்த நம்பரைப் பார்த்ததும் ஒரு அரை மணி நேரம் லேசா இருந்துச்சுங்க. புள்ளிக்காக மட்டும் இல்ல. நீங்க வேலை முடிஞ்சு வந்து வாய் திறக்காம உட்கார்றீங்க பாருங்க, அதைப் பார்க்கறப்ப எல்லாம், நல்லா இருந்த மனுஷனை நான்தான் இழுத்துட்டு வந்து இங்க துணி மடிக்க வெச்சுட்டேன்னு இருக்கும். நீங்க ஊர்ல இருந்தா அந்தப் பாரம் எனக்கு இருக்காதேன்னு தோணுச்சு. அப்புறம் குளிக்கப் போயிட்டேன். அங்க நின்னு அழுதேன்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் பொய் சொல்லியிருந்தால் வந்திருக்கும். மேனேஜருக்குப் போன் போட்டதைச் சொன்னான். இரண்டு நிறுத்தம் நடந்து வந்ததையும் சொன்னான். "நானும் அரை மணி நேரம் சந்தோஷமாத்தான் இருந்தேன்" என்றான்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கேட்டாள், "அப்ப ஏன் போகல?"

அவன் கையிலிருந்த சீட்டை மடித்துக்கொண்டே சொன்னான். "அங்க போனா அதே பதினாலு பில்டிங். எல்லாத்தையும் கழட்டி மாட்டியாச்சு. இங்க மோட்டார் ரூமே இல்லாத லிஃப்ட் இருக்கு. நாப்பது மாடிக்கு ஒரே மூச்சுல போறது இருக்கு. அதையெல்லாம் திறந்து பார்க்கணும். பயிற்சியில சேர பி.ஆர். வேணும். எனக்கும் அது வேணும். உனக்காக மட்டும் இல்ல."

"இதை எப்பலேர்ந்து நினைச்சிட்டிருக்கீங்க?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா நான் உங்க வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்னு நினைச்சிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"நீ கேக்கல."

இந்தப் பதிலைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பது வழக்கம், அவள் பேசாமல் இருந்தது புதுசு. வீடு அப்படி ஓசையற்றுக் கிடந்தபோதுதான், இத்தனை வருஷம் அவள் எதைத் தாங்கிக்கொண்டு இருந்தாள் என்பது அவனுக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவளை எழுப்பி, தப்புதான் என்றான். எது என்று கேட்டாள் தூக்கக் கலக்கத்தில். சொல்லாம இருந்தது என்றான். சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு உட்காருங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தேர்வு நாளில் ஒரு பெரிய கட்டடத்தின் ஆறாவது மாடியில், கண்ணாடித் தடுப்புள்ள சின்ன அறையில் அவனை உட்காரவைத்தார்கள். எதிரே கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. பாதியில் திரும்பி வந்த ஒரு பயணம் என்று தலைப்பு வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு சைக்கிளில் போய், வழியில் சங்கிலி அறுந்து, தள்ளிக்கொண்டே திரும்பி வந்ததைச் சொன்னான். சங்கிலியை எப்படிக் கோத்தார்கள் என்ற இடத்துக்கு வரும்போது அந்தப் பெண்மணி கையைக் காட்டி, போதும், நேரம் முடிந்தது என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவனைப் பேச்சை நிறுத்தச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது மீதிக் கதையையும் மனசுக்குள் சொல்லி முடித்தான்.

முடிவு வந்தது. கேட்பதில் எட்டு, படிப்பதில் ஏழு, பேசுவதில் ஏழு. எழுதுவதில் ஆறு. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். என்ன எழுதினீங்க என்று விசாரித்ததில், இருநூற்றைம்பது வார்த்தை எழுதச் சொன்ன இடத்தில் நூற்று நாற்பதோடு நிறுத்தியிருந்தான். ஏன் என்றாள்.

"சொல்ல வேண்டியது முடிஞ்சிடுச்சு" என்றான்.

மறுபடி தேர்வு எழுத ஏழு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவளுக்குப் பிறந்த நாள் வந்து வயது ஒன்று கூடியது. வேறு யாருக்கும் ஞாபகம் இருந்ததோ இல்லையோ, அரசாங்கம் மறக்காமல் ஐந்து புள்ளியைக் கழித்துக்கொண்டது. நானூற்று ஐம்பத்து மூன்று. பதினெட்டு ஏறினால் எழுபத்தொன்று. கோடு எழுபதிலேயே நின்றால் தப்பித்தார்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. தினமும் பேசினார்கள். வராவிட்டால் என்ன செய்வது என்றும் பேசினார்கள். வராவிட்டால் இரண்டு பேருமாகத் திரும்பிவிடலாம், அவளுக்கு ஊரிலேயே பால் பண்ணைகள் இருக்கின்றன, அவனுக்கு அந்தப் பதினாலு கட்டடம் இருக்கிறது என்று முடிவு செய்தபின் அவளால் ராத்திரி தூங்க முடிந்தது.

இரண்டாவது தடவை அவன் இருநூற்று அறுபது வார்த்தை எழுதினான். அதில் நூறு வார்த்தை தேவையே இல்லை என்பது அவன் கருத்து. ஏழு கிடைத்தது. அடுத்த வாரம் கோடு நானூற்று அறுபத்தொன்பதில் விழுந்தது.

அழைப்பு வந்த பிறகும் வேலை கொஞ்சமல்ல. பத்து வருஷத்தில் குடியிருந்த முகவரி எல்லாம் வேண்டும், காவல்துறைச் சான்று வேண்டும், மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உண்மையிலேயே கணவன் மனைவிதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். போட்டோக்களைத் தேடினால், எல்லாவற்றிலும் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், அவன் வேறு எங்கோ மேலே, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதை வைத்து எவன் நம்புவான் என்று அவள் அலுத்துக்கொண்டாள். நம்பினார்கள். அவளுடைய வேலை அனுமதி முடிய ஐந்து வாரம் இருக்கும்போது, மின்னஞ்சலில் இரண்டு பேருக்கும் நிரந்தர வசிப்புரிமை வந்தது.

அன்றைக்கு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஊருக்குப் போன் செய்தார்கள். மாமனார் செய்தியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவன் அவரோடு ஆறு நிமிஷம் பேசினான், அதில் பாதி வானிலை. அடுத்த நாள் சலவைக்கூடத்துக்குப் போய் அதே விரிப்பின் மூலையைப் பிடித்தான். லிஃப்ட் நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தான். அடுத்த மாதம் முதல் தேதி சேரச் சொல்லியிருந்தார்கள். நாலு வருஷம், சம்பளம் சலவைக்கூடத்தைவிடக் குறைவு, கூடப் பயிலப்போகிறவர்கள் எல்லாம் அவனைவிடப் பத்து வயது சின்னவர்கள். அவனுக்குப் பயமாக இருந்தது. அதையும் அவளிடம் சொன்னான்.

அவளுக்குத்தான் என்னவோ போல இருந்தது. நாலு வருஷமாக எதைக் கேட்டாலும் பி.ஆர். வந்தப்புறம் என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். நல்ல சட்டி வாங்குவது, ஊருக்குப் போய் ஒரு மாதம் இருப்பது, குழந்தை, எல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றன. இப்போது எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தாள். திரையைத் திறந்தால் கணக்குப் போட ஒன்றும் இல்லை.

"கட்டில் வாங்கலாமா?" என்றான் அவன்.

வந்த நாளிலிருந்து தரையில் மெத்தை போட்டுத்தான் படுத்திருந்தார்கள். காலி செய்யும்போது கட்டிலை யார் தலையில் கட்டுவது என்ற யோசனை. வியாழக்கிழமை காலை ஒரு கட்டில் மூன்று அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியது. அவன் விடுப்பு எடுத்திருந்தான். அவளுக்கு அன்று மதியம் மூன்று மணிக்குத்தான் ஷிஃப்ட். பலகையை அவள் பிடித்துக்கொள்ள, அவன் திருகாணிகளை முடுக்கினான். முடுக்கிக்கொண்டே, குழந்தையைப் பத்தி நீ என்ன நினைக்கறே என்று கேட்டான். ஒரு வருஷம் எதற்கும் காத்திருக்காமல் சும்மா இருந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றாள். பிறகு, அப்படிச் சொன்னது சரிதானா என்று தெரியலை என்றாள். அவன் சரி என்று முடித்துவிடாமல், தனக்கு ஆசை இருக்கிறது, ஆனால் பயிற்சி ஆரம்பித்து ஒரு வருஷமாவது போகட்டும் என்றும் தோன்றுகிறது என்றான். அதை அப்படியே விட்டுவிட்டு இருவரும் மெத்தையைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டார்கள்.

உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க அவன் ஒரு ஓரத்தில் படுத்தான். அவளும் மறு ஓரத்தில் படுத்தாள். ஜன்னல் வழியே வெயில் கால்மாட்டில் விழுந்திருந்தது. எப்போது கண்ணயர்ந்தார்கள் என்று தெரியவில்லை. விழித்தபோது மணி இரண்டே முக்கால். அவள் தலையைக்கூட வாராமல், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அப்படியும் இருபது நிமிஷம் தாமதம். அந்த வேலையில் சேர்ந்த பிறகு அவள் தாமதமாகப் போனது அதுதான் முதல் தடவை.